கோட்டையில்லாத கோட்டையில் சாப்பாடும் ஜாகையும்

போன மாதம் விருதுநகரிலிருந்து பெரியப்பா மகன் போன் பண்ணியிருந்தார். "தம்பி, பயலுக்குப் பம்பாயில வேல கெடச்சிருக்கு. ஆபீஸு ஃபோர்ட்டுல எங்கயோவாம். நீ அங்கன தான இருந்த? எங்க தங்குவான், எங்க சாப்பிடுவான், அதை மட்டும் சொல்லு."

அதை மட்டும் சொல்லு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2006ல் நான் வி.டி. ஸ்டேஷனில் ஒரு சூட்கேஸோடு இறங்கியபோது என் அப்பாவும் யாரிடமோ இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். (1996லேயே சி.எஸ்.டி. ஆகிவிட்டது, 2017ல் சி.எஸ்.எம்.டி. ஆனது. ஆனால் பம்பாய்த் தமிழர்கள் வாயில் அது இன்னமும் வி.டி. தான்.) யோசித்துப் பார்த்தால், ஃபோர்ட்டின் இருநூறு வருஷ சரித்திரத்தையே இந்த ஒரு கேள்வியை வைத்து எழுதிவிடலாம். அண்ணனுக்குப் போனில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஃபோர்ட்டில் கோட்டை கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, அப்போலோ கேட், சர்ச் கேட், பஜார் கேட் என்று மூன்று வாசல் வைத்தான். 1860களில் கவர்னர் பார்ட்டில் ஃப்ரியர் அத்தனையையும் இடித்துத் தள்ளிவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சர்ச்கேட் ஸ்டேஷனில் தினமும் லட்சக்கணக்கில் இறங்குகிறார்களே, அதில் எத்தனை பேர் அங்கே ஒரு கேட் இருந்தது என்று நினைத்துப் பார்ப்பார்கள்?

மதில் இடிந்த நேரம் பம்பாய்க்குப் பணம் கொட்டிய நேரம். அமெரிக்காவில் 1861லிருந்து 1865 வரை உள்நாட்டுச் சண்டை. லங்காஷயர் மில்களுக்கு அங்கிருந்து பஞ்சு வரவில்லை, நம் பஞ்சுக்குத் தங்க விலை. வந்த பணத்தையெல்லாம் கடலைத் தூர்க்கும் கம்பெனிகளின் ஷேரில் போட்டார்கள். சண்டை முடிந்ததும் எல்லாம் புஸ்ஸென்று போனது. பாங்க் ஆஃப் பாம்பே 1868ல் மூடும்படி ஆகி, புதிதாக அதே பெயரில் இன்னொன்று தொடங்க வேண்டியிருந்தது. (ஷேரை ஜாமீனாக வைத்துக் கண்மண் தெரியாமல் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ட்ரெயினிங் காலேஜில் சொல்லித் தருவதெல்லாம் இந்த மாதிரிக் கதைகள்தான். அந்தப் புது வங்கி 1921ல் இம்பீரியல் பாங்க்கில் கலந்து, 1955ல் ஸ்டேட் பாங்க் ஆனது.)

பணம் வந்த ஊருக்கு ஆள் வருவான். வந்தவன் எங்கே தங்கினான்?

வெள்ளைக்காரனுக்கு வாட்ஸன்ஸ் ஓட்டல். ஜான் வாட்ஸன் என்ற துணி வியாபாரி 1867லிருந்து 1869க்குள் காலா கோடாவில் கட்டியது. கட்டியது என்பதை விடக் கோத்தது என்று சொல்லலாம். இரும்புத் தூண், உத்தரம் எல்லாவற்றையும் இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் ஏற்றி வந்து இங்கே பூட்டினார்கள். ஐந்து மாடி, சுமார் 130 அறை. 1896 ஜூலை 7ந் தேதி லூமியே சகோதரர்களின் சினிமா இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இங்கேதான், டிக்கெட் ஒரு ரூபாய். அதே வருடம் மார்க் ட்வெய்ன் இங்கே தங்கி, ஜன்னலுக்கு வெளியே கத்தின காக்கைகளைப் பற்றி எழுதினார்.

நான் முதன்முதல் பார்த்தபோது அதன் பெயர் எஸ்ப்ளனேட் மேன்ஷன். ஓட்டல் எப்போதோ போய், அறைகளைத் தடுத்துத் தடுத்துப் புறாக்கூண்டாக்கி, வக்கீல்களும் டைப்பிஸ்டுகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்குமெண்ட் விஷயமாக மேலே ஏறினேன். படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போட்டது. முந்தின வருடம்தான் முகப்பில் ஒரு பகுதி சரிந்து ஒருவர் இறந்திருந்தார் என்று இறங்கி வந்த பிறகுதான் சொன்னார்கள்! 2019ல் கோர்ட்டு சொல்லி எல்லோரையும் காலி செய்ய வைத்தார்கள்.

வாட்ஸன்ஸில் இடமில்லை என்று ஜம்ஷெட்ஜி டாட்டாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், அந்தக் கோபத்தில்தான் அவர் தாஜ் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. பம்பாய்க்கு வந்த எல்லோரும் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டிருப்பீர்கள். ஆராய்ந்தவர்கள் பலர் இதை நம்புவதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. கோபத்தில் அடுத்த தெருவில் டீக்கடை போடலாம், கடலோரத்தில் அவ்வளவு பெரிய அரண்மனையைக் கட்ட முடியாது, அதற்குக் கணக்கு வேண்டும். பம்பாய்க்கு ஏற்ற ஓட்டல் ஒன்று இல்லை என்ற குறை அப்போது ஊரெல்லாம் இருந்தது. தாஜ் 1903 டிசம்பர் 16ந் தேதி திறந்தது. எதிரே நிற்கும் கேட்வே முடிந்தது 1924ல்தான். அந்த இருபது வருஷமும் கப்பலில் வந்தவன் கண்ணில் முதலில் பட்டது இந்த ஓட்டல். டாட்டா திறப்பு விழாவுக்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை, 1904 மே மாதம் போய்விட்டார்.

சரி, இதெல்லாம் நமக்கில்லை. சூட்கேஸோ தகரப் பெட்டியோ தூக்கிக்கொண்டு வந்தவன் கதைக்கு வருவோம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கோவாக்காரர்களுடையது. ஃபோர்ட்டுக்கு வடக்கே தோபி தலாவில் ஜெர் மஹால் என்று ஒரு பழைய கட்டடம். அதற்குள்ளும் சுற்றுவட்டத்திலும் 'குட்' என்று அவர்கள் சொல்லும் கிளப்புகள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குட். அந்த ஊர்க்காரன் கப்பல் வேலைக்கோ சமையல் வேலைக்கோ பம்பாய் வந்தால் தன் ஊர் குட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கட்டணம் சொற்பம். சுவரோரம் வரிசையாகப் பெட்டிகள், நடுவில் ஊர்ப் புனிதரின் பீடம், சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை. கப்பலில் போனவனின் பெட்டி அங்கேயே இருக்கும். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் வைத்தது வைத்தபடி.

நம்மவர்களுக்கு இப்படி ஊர்வாரியாகக் கிளப் கிடையாது. நமக்கு வாய்த்தது மாதுங்கா. ஆபீஸ் ஃபோர்ட்டில், ஜாகை மாதுங்காவில் என்று மூன்று தலைமுறை ஓடியிருக்கிறது. தாராவி, மாதுங்கா லேபர் கேம்ப் பக்கம் வந்திறங்கிய நம்மவர்கள் கதை வேறு, அது தனியாக எழுத வேண்டியது. மாதுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே மார்க்கெட் மாடியில் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். 1942ல் தொடங்கியது. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, ஓட்டல்களில் எடுபிடியாக வேலை பார்த்து மேலே வந்தவர் அவர். போர்டிங் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓட்டல் இல்லை, மெஸ்ஸும் இல்லை. வீட்டில் சமைத்துப் போட ஆளில்லாதவனுக்கு மாசக் கணக்கில் சோறு போடும் இடம். வாழை இலையில் ரசம் ஓடுவதற்குள் சோற்றை அணை கட்டும் வித்தையை ஒரு குஜராத்தி நண்பனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அங்கேதான்.

மில் தொழிலாளிக்குக் 'கானாவள்'. பரேல், லால்பாக் பக்கம் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த ஆண்கள் பத்துப் பதினைந்து பேராக ஒரே அறையில் ஷிஃப்டு போட்டுப் படுத்திருப்பார்கள். பக்கத்து வீட்டம்மா அவர்களுக்கும் சேர்த்துப் பாக்கரி தட்டுவார். சம்பள நாளில் பணம், அதுவரை கடன். அரிசிக்கடைக்காரனுக்கும் வட்டிக்காரனுக்கும் நடுவில் அந்தப் பெண்கள் நசுங்கிக் கொண்டிருந்தார்கள். 1975ல் பிரேமா புராவ் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மஹிளா மண்டல் தொடங்கினார். தேசியமயமான வங்கியிலிருந்து சொத்து அடமானம் இல்லாமல் அவர்களுக்குக் கடனும் வாங்கிக் கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். 1982 ஜனவரியில் தத்தா சாமந்தின் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். மில் போயிற்று, மில் சாப்பாட்டுக்காரர்களும் போனார்கள்.

ஆபீஸ் குமாஸ்தாவுக்கு டப்பா. மஹாதேவ் ஹாவாஜி பச்சே 1890ல் நூறு பேர் போல வைத்துத் தொடங்கியது. ஃபோர்ட்டில் வேலை பார்த்த ஒரு பார்ஸி பாங்க்காரர் வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்று கேட்டதில் ஆரம்பித்தது என்பார்கள். (பாங்க்காரனால் உலகத்துக்கு ஒரு நல்லது நடந்தது என்று சொல்லும் கதைகள் குறைவு. ஆகவே இதை நான் எதிர்க்கேள்வி கேட்காமல் நம்புகிறேன்.)

டப்பாவும் இல்லை, மாதுங்கா போக நேரமும் இல்லை, கையில் பத்து ரூபாய் என்றால்? இரானி.

பார்ஸி வேறு, இரானி வேறு. இரண்டு பேரும் ஜொராஷ்டிர மதம்தான். பார்ஸிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குஜராத் கரையில் வந்து இறங்கியவர்கள். இரானிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஜ்து, கெர்மான் பக்கத்திலிருந்து கஷ்டம் தாங்காமல் வந்தவர்கள். அங்கே அவர்களுக்குத் தனி வரி, தனிக் கட்டுப்பாடு, எப்போதும் பயம். இங்கே வந்து தெருமுனைகளில் டீக்கடை போட்டார்கள். மூலைக்கடை ராசியில்லை என்று இந்து வியாபாரிகள் தொடாமல் விட்ட இடங்களை இவர்கள் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் வாசல், இரண்டு பக்கமும் வெளிச்சம்.

பளிங்கு மேஜை, வளைத்த மர நாற்காலி, சுவரில் பெரிய கண்ணாடி, கல்லாவில் பெரியவர், அவருக்குப் பக்கத்தில் பிஸ்கட் ஜாடிகள். மேலே கரகரவென்று உடையும் ப்ரூன் பாவில் வெண்ணெய் தடவி, டீயில் முக்கித் தின்ன வேண்டும். 'பானி கம்' என்று கேட்டால் தண்ணீர் குறைத்த கெட்டி டீ. தோபி தலாவில் கயானி 1904ல் வந்தது. எதிரே இருந்த பஸ்தானி மூடிவிட்டார்கள். அந்தக் கடைச் சுவரில் வாடிக்கையாளர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்த பட்டியலை வைத்து நிஸ்ஸிம் எசக்கியேல் ஒரு கவிதையே எழுதினார். பாலார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா 1923. யுத்த காலத்தில் கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டு பிறகு திருப்பிக் கொடுத்தது. அங்கே பெர்ரி புலாவுக்குப் போடும் புளிப்புப் பழம் இரானிலிருந்து வரும். மேஜை மேஜையாக வந்து ஆர்டர் எடுத்த போமன் கோஹினூர் 2019ல் தன் 97வது வயதில் காலமானார். ஃபோர்ட் காவஸ்ஜி படேல் தெருவில் யஜ்தானி பேக்கரி, 1953ல் தொடங்கியது. அந்தக் கட்டடம் அதற்கு முன் ஒரு ஜப்பானிய வங்கியாக இருந்ததாம். வங்கி பேக்கரி ஆனது நல்ல மாற்றம்தான், எதிர்த்திசையில்தான் நிறைய நடக்கிறது.

இந்த டீயின் அருமை ருசியில் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் சாப்பாட்டு இடம் என்றால் ஜாதிக்கொன்று, மதத்துக்கொன்று. இரானி கடையில் கல்லாவில் இருந்தவன் இந்த ஊர்க் கணக்கு எதிலும் சேராதவன். நீ யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்காமல் டீ கொடுத்தான். ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேப்பர் படித்தாலும் எழுப்ப மாட்டான். வேலை தேடி வந்தவனுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று நாலு நாள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பார்த்தவனைக் கேட்க வேண்டும்.

குடிக்கிற விஷயம் சுருக்கமாக. 1949ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், 1950 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. கோவா ஆண்ட்டிகள் வீட்டு முன்னறையில் ரகசியமாக ஊற்றிக் கொடுத்தார்கள். 60களில் தளர்த்தியபோது 'பர்மிட் ரூம்' வந்தது. அதாவது குடிப்பது குற்றம், ஆனால் உடம்புக்கு அவசியம் என்று சர்க்கார் சீட்டு வைத்திருந்தால் பரவாயில்லை. அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஒரு நாள் சீட்டு, ஒரு வருஷச் சீட்டு, ஆயுள் சீட்டு எல்லாம் உண்டு. டீயில் லாபம் போதாத இரானிகள் சிலர் பீருக்கு மாறிப் பிழைத்தார்கள். என் வீட்டம்மாவும் இதைப் படிப்பதால் இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நூற்றுக்கணக்கில் இருந்த இரானி கடைகள் இன்று எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் படித்து வெளிநாடு போய்விட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் ஒரு காமர்ஸ் பட்டதாரியாக எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. 1947ல் ஒரு வாடகைச் சட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே வாடகை, ஓட்டல், லாட்ஜிங் ஹவுஸ் கட்டணங்கள் மூன்றும் இருக்கும். 1940 செப்டம்பரில் என்ன வாடகையோ அதையே வைத்துக்கொண்டு கட்டிப்போட்டார்கள். யுத்த காலத்து ஏற்பாடு, ஐம்பது வருஷம் நின்றது. அதனால்தான் ஃபோர்ட் மாதிரி இடத்தில் டீ மலிவாகக் கிடைத்தது. அதனால்தான் கூரையும் ஒழுகியது, இருநூறு ரூபாய் வாடகைக்கு எந்த வீட்டுக்காரன் கூரை மாற்றுவான்? வாடகைதாரர் கையில் பத்திரம் இல்லை, 'பகடி' என்று முன்னால் கொடுத்த பணத்தின் உரிமை மட்டும் இருக்கும். இடத்தைக் கைமாற்றினால் வீட்டுக்காரனுக்கு அதில் ஒரு பங்கு. 1999ல் புதுச் சட்டம் வந்தபோது வங்கிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள், சின்னக் கடைகளுக்கு வருஷம் நாலு சதவீத உயர்வோடு விட்டு வைத்தார்கள். எங்கள் பிராஞ்சுகள் மார்க்கெட் வாடகை கொடுக்க, பக்கத்து இரானி கடை பழைய வாடகையில் ஓடியது.

2011ல் அப்படி ஒரு கடைக்காரர் என் மேஜைக்கு வந்தார். பெயர் வேண்டாம். நான் ஐந்து வருஷமாகக் காலையில் டீ குடித்த கடை. கூரையும் சமையலறையும் மாற்ற எட்டு லட்சம் கேட்டார். ஃபைலைப் பார்த்தேன். பார்ட்னர்ஷிப், நாலு பேரில் இரண்டு பேர் கனடாவில். இடம் பகடி. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தர மறுக்கிறார். லாபம் தேறவில்லை, ஏனென்றால் டீ விலையை ஏற்ற மாட்டேன் என்கிறார். "ஏற்றினால் அந்த கோர்ட் பியூன் எங்கே போவான், டிக்ரா?" என்றார். கடைசியில் சிபாரிசு செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாள் கடைக்குப் போகக் கூச்சமாக இருந்தது. போனேன். அவர் வழக்கம்போல டீ அனுப்பினார், காசு வாங்கிக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் கடையைக் கைமாற்றிவிட்டார்கள். இப்போது அங்கே ஏ.சி. போட்ட காபிக்கடை. ஒரு காபி விலையில் அந்தக் காலத்தில் நான் ஒரு மாதம் டீ குடித்திருப்பேன்.

என் கணக்கில் தப்பில்லை. இன்று அதே ஃபைல் வந்தாலும் அதே விகிதங்கள்தான் வரும். ஆனால் கானாவள் பெண்களிடம் என்ன பத்திரம் இருந்தது? ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம், மாசம் பொறந்தால் பணம் தருகிற பதினைந்து ஆண்கள். எனக்கு முன்னால் இதே தொழிலில் உட்கார்ந்த எவரோ ஒருவர் அந்தப் பதினைந்து ஆண்களை ஜாமீனாகப் பார்த்தார். என் முன்னால் தினமும் முந்நூறு டீ குடிக்கிறவர்கள் இருந்தார்கள், நானே அதில் ஒருத்தன். அந்த வரியை எழுத எனக்குத் தோன்றவில்லை.

2018ல் ஃபோர்ட்டின் விக்டோரியன், ஆர்ட் டெக்கோ கட்டடங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். சந்தோஷம். முகப்பு மாறாது. உள்ளே என்ன விற்கிறது என்பது பட்டியலில் இல்லை. ஜஹாங்கீர் ஆர்ட் காலரியின் ஸமோவார் 1964லிருந்து இருந்தது, 2015ல் மூடினார்கள். அருண் கொலாட்கர் உட்கார்ந்து காலா கோடாத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த வேஸைட் இன் அதற்கும் முன்பே போய்விட்டது. 2025ல் புகை வருகிறது என்று விறகு அடுப்பு பேக்கரிகளை வேறு எரிபொருளுக்கு மாறச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. புகை கெடுதல்தான், மறுக்கவில்லை. மாற்றுகிற செலவுக்கு அந்த பேக்கரிக்காரர் எந்த மேஜைக்குப் போவார் என்றுதான் யோசித்தேன்.

அண்ணன் பையன் வந்து சேர்ந்துவிட்டான். ஃபோர்ட்டில் எங்கே தங்குவது? பஜார் கேட் பக்கம் லாட்ஜுகள் இருக்கின்றன, நாலு நாளைக்குச் சரி. நவி மும்பையில் மூன்று பையன்களோடு ஒரு பிளாட்டில் கட்டில் பிடித்துக் கொடுத்தேன். ஹார்பர் லைனில் நேராக வி.டி. வந்து இறங்கலாம். சாப்பாட்டுக்கு ஸ்டேஷன் எதிரே பஞ்சம் பூரிவாலா இருக்கிறது, 1840களிலிருந்து இருக்கிறோம் என்கிறார்கள், வயிறு நிறையும். ஞாயிற்றுக்கிழமை மாதுங்கா. மற்றபடி கயானியில் போய் உட்காரச் சொன்னேன்.

போன சனிக்கிழமை போன் பண்ணினான். "சித்தப்பா, நீங்க சொன்ன கடைக்குப் போனேன். நல்லாருந்துச்சு. ஒரு டீயக் குடிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு பயந்து ரெண்டாவது டீயும் வாங்கிட்டேன்."

வாங்குடா, வாங்கு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கு என்றேன்.